முத்திரை ஏறாத தபால் கார்டு

விதை ஈரத்தைக் கண்டால் முளைத்துவிடும். முளைக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

தக்காளி, வெண்டை, மிளகாய், பூசணி என்று எல்லாம் காய்ந்து, சலித்து, எடைபோட்டு அவன் மேசைக்கு வரும். பையின் வாயை இரண்டு சூடான தகடுகளுக்கு இடையில் நீட்டி மிதியை அழுத்துவான். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துவிடுவான். இரண்டிலேயே எடுத்தால் வாய் ஒட்டாது. நான்குவரை விட்டால் பை சுருங்கிக் கருகும். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை இதுதான். மூன்று எண்ணுகிற நேரத்துக்குள் வேறு எதையும் நினைக்க முடியாது. அதனாலேயே அந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

படித்தது வேதியியல். பழைய ஊரில் இதே கம்பெனியின் பரிசோதனை அறையில், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த வேலை. மனைவி போய் இரண்டாவது மாதம், புதிதாகத் திறந்த கிளைக்குப் பை ஒட்ட ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. எழுதிக் கொடுத்தான். இது இறங்கிப் போகிற வேலையாச்சே என்று மேலாளர் இரண்டு தடவை கேட்டார். பரவாயில்லை என்றான். இங்கே வந்த பிறகு, படிப்புக்கு ஒரு ‘சார்’, வேலைக்கு ஒரு ‘சீல்’ என்று சேர்த்து எல்லோரும் அவனைச் ‘சீல் சார்’ ஆக்கிவிட்டார்கள். வாயைத் திறக்காத ஆளுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

அவன் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு லேமினேஷன் மெஷின் இருந்தது. சேமிப்பறை அலமாரிகளில் தொங்கவிடும் அட்டைகளை அதில் விட்டு எடுப்பார்கள். அங்கே காற்றில் எந்நேரமும் விதைத் தூசு. சாதாரணக் காகிதம் ஒரு வாரம் தாங்காது. அந்தப் பழக்கத்தில், அவனுக்கு முக்கியம் என்று பட்ட எந்தக் காகிதமும் அந்த மெஷினுக்குள் போய்விட்டுத்தான் வீடு திரும்பியது. மகளின் பிறப்புச் சான்று. தடுப்பூசி அட்டை. எந்த மாத்திரையை எந்த வேளைக்குத் தர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் மனைவிக்கு எழுதிக் கொடுத்த தாள். அந்தத் தாளுக்கு இனி வேலை கிடையாது. இருந்தாலும் அதில் ஈரம் புக முடியாது.

வீடு, ஒரு சைக்கிள் கடையின் மாடி. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படி. சைக்கிள் கடைக்காரரே வாடகைக்கு இருப்பவர். வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்குச் சொல்லாமல் மாடியை இவனுக்கு விட்டிருந்தார். ஆகவே ஒப்பந்தம் என்று ஒன்றும் இல்லை, கரண்ட் பில் இவன் பெயரில் இல்லை, எதுவும் இல்லை. கம்பெனி அட்டையில் இருந்ததும் பழைய ஊர் முகவரி. அந்தத் தெருவில் அவனும் மகளும் குடியிருக்கிறார்கள் என்பதற்கு, கொடியில் காயும் துணியைத் தவிர ஆதாரம் கிடையாது.

மகளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. விடியும் முன்னே அவளைத் தூக்கத்தோடு தூக்கிப்போய் அடுத்த தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவான். இரண்டரைக்குத் திரும்பக் கூட்டிக்கொள்வான்.

மனைவியின் அக்கா வாரத்துக்கு இரண்டு முறை போனில் கூப்பிடுவாள். சாப்பாடு, சளி, எண்ணெய்க் குளியல், தலை வாரி விடுவது யார், எல்லாம் கேட்பாள். போன மாதம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

“தம்பி, நான் சண்டைக்குப் பேசல. ஒண்ணாங் கிளாஸ்ல எடம் கெடைக்கலன்னா ஒரு வருஷம் போயிடும். அங்க சேக்க முடிஞ்சா சேத்துடு. இல்லன்னா நான் வந்து கூட்டிட்டு வந்து இங்க சேத்துடறேன். நீ மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாரு.”

அவன் சரி என்றான். சரி என்பது அப்போதெல்லாம் அவன் எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல்.

பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவதாக இருந்தது.

*

நூலகத்துக்கு அவன் படிக்கப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கப் போனான்.

வந்த முதல் வாரம். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, நூலக முகப்பில் நின்றான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே விளக்கு, மின்விசிறி, நீள மேசைகள். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு பலகை இருக்கும் என்று நினைத்துச் சுவரைச் சுற்றித் தேடினான். குடைகள் போடும் வாளியில் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தார் நூலகர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த, நடுவயதைத் தாண்டிய பெண்மணி.

“என்ன தேடறீங்க?”

“இல்ல, மழை விட்டதும் போயிடுவோம்.”

“இந்த ஊர் மழை மாசக்கணக்கா விடாது. அதுவரைக்கும் இங்கயே நிக்கப் போறீங்களா? உள்ள வாங்க. உக்கார்றதுக்கு இங்க கார்டு கேக்க மாட்டோம். வீட்டுக்குப் புக் எடுத்துட்டுப் போறதுக்குத்தான் கார்டு.”

உடம்பெல்லாம் ஈரம் என்றான். தரைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி, ஆணியில் தொங்கிய துண்டைக் காட்டினார். புத்தகத்தைத் தொடும் முன் கையை மட்டும் துடைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் அவனிடம் யாரும் போட்ட முதல் நிபந்தனையும் கடைசி நிபந்தனையும் அதுதான்.

மறுநாளும் போனான். வீட்டில், தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பேச்சே கேட்காது. பேச வேண்டிய அவசியம் இல்லாததால் அது அவனுக்குத் தொந்தரவில்லை. மகளுக்குத் தொந்தரவு. ஆகவே மூன்று மணியிலிருந்து ஆறரைவரை நூலகம் என்று ஆனது. அவள் தாழ்வான அலமாரிப் பக்கம் போய்விடுவாள். எழுத்துக் கூட்டத் தெரியாது. படத்தைப் பார்த்து அவளே ஒரு கதை கட்டி, அருகில் யார் இருந்தாலும் அவர்களுக்குச் சொல்வாள். யாரும் இல்லாவிட்டால் அலமாரிக்குச் சொல்வாள். இரண்டே வாரத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் விழுந்தது.

அவன் நீள மேசையில், ஜன்னல் ஓரத்தில், ஒரு நாளிதழை விரித்து வைத்துக்கொள்வான். படிப்பதில்லை. பக்கம் புரட்ட வேண்டும் என்று தோன்றினால் புரட்டுவான். எதிரே ஒரு இஸ்திரிக்காரர் உட்கார்வார். மதியம் பெட்டி ஆறும் நேரத்தில் வந்து எல்லாப் பத்திரிகையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, அரசாங்கம் செய்கிற தப்பையெல்லாம் தனக்குள் திருத்திக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ். இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து, பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்க வருகிறவள். புத்தகத்தைத் திறந்ததும் அதன் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். ஐந்து மணிக்கு இஸ்திரிக்காரர் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். எந்தப் பக்கத்தில் தூங்கினாளோ அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். “சிஸ்டர், இந்த வருஷமும் அதே பக்கம்தானா?” என்பார். “அண்ணே, அந்தப் பக்கம்தான் பரீட்சையில வரும்” என்பாள்.

ஐந்து மாதம் அவன் அந்த மேசையில் உட்கார்ந்தான். அவர்களுடன் ஐந்து வார்த்தை பேசியிருக்க மாட்டான்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளை ஒரு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முகவரிக்கு ஆதாரமாக ஏற்கப்படும் ஆவணங்கள் என்று அதில் ஒரு பட்டியல். ஒவ்வொன்றாக விரலை வைத்து, இல்லை, இல்லை என்று இறங்கிக்கொண்டிருந்தான். ஏழாவதோடு விரல் நின்றுவிட்டது. புத்தகத்தில் கன்னத்தை அழுத்திக் கிடந்த நர்ஸ், தலையைத் தூக்காமலேயே கையை நீட்டித் தாளின் கடைசி வரியில் ஒரு விரலை வைத்தாள்.

“எட்டாவதப் படிங்க.”

முகவரியுடன் கூடிய பொது நூலக உறுப்பினர் அட்டை.

நூலகரிடம் போனான். முகவரிக்கு ஆதாரம் இல்லாமல் அட்டை எப்படித் தருவார்கள் என்று கேட்டான். அதற்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது என்றார் அவர். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் காகிதம் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கே குடியிருக்கிறாய் என்று நீ சொல்ல வேண்டும். அந்த முகவரிக்கு நூலகம் ஒரு தபால் கார்டு போடும். அது உன் கைக்கு வந்து சேர்ந்தால் நீ அங்கேதான் இருக்கிறாய். கார்டைத் திருப்பிக் கொண்டுவந்தால், அதன் மேலேயே முத்திரை குத்தி, உன் கையெழுத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, உறுப்பினர் அட்டை தந்துவிடுவார்கள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். பொய் சொன்னா கார்டு போய்ச் சேராதுல்ல?”

கடைசி நாளுக்குப் பத்து நாள் இருந்தது. முகவரியை எழுதிக் கொடுத்தான். சைக்கிள் கடை மாடி என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.

*

தபால் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. சைக்கிள் கடைக்காரர் அதை நுனியில் பிடித்தபடி, எண்ணெய் படாமல், மேலே கொண்டுவந்து கொடுத்தார். தமக்கு இதில் சம்பந்தம் ஏதும் வராதே என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

மகள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா பெயரை மட்டும் அடையாளம் தெரிந்தது. அந்த ஊருக்கு வந்தபின் அவர்களுக்கு வந்த முதல் கடிதம் அது. அவன் சுவர் அலமாரியில் அதைச் சாய்த்து வைத்தான். வெளியே மழை வலுத்தது. ஜன்னல் வழியே சாரல் அலமாரிவரை அடித்தது. எழுந்துபோய்க் கார்டை எடுத்து, சட்டைப்பைக்குள் வைத்து, சட்டையைத் தலையணைக்கடியில் வைத்தான்.

புதன்கிழமை காலை, வேலை தொடங்கும் முன், அதை லேமினேஷன் மெஷினில் விட்டு எடுத்தான். அவன் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வேறொருவன் பேனாவைச் சட்டைப்பையில் செருகுவதுபோலச் செய்தான். ஓரங்களைச் சீராக வெட்டி, நகத்தால் அழுத்திப் பார்த்தான். ஒட்டு சுத்தமாக விழுந்திருந்தது.

மூன்று மணிக்கு நூலகர் மேசையில் கார்டை வைத்தான். அவர் சந்தோஷமாக எடுத்தார். ஸ்டாம்ப் பேடில் முத்திரையை அழுத்தி, கார்டின் மேல் குத்தினார். முத்திரையை எடுத்தபோது நீல மை பளபளவென்று முத்து முத்தாக நின்றது. விரலால் தொட்டார். வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி குத்தினார். மறுபடி வழிந்தது. கண்ணாடியைக் கீழே இறக்கி, கார்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இதுக்கு என்ன பண்ணீங்க?”

“லேமினேட் பண்ணேன். நனைஞ்சிடக் கூடாதுன்னு.”

அவர் ஓரத்தை நகத்தால் கிளப்பப் பார்த்தார். வராது என்று அவன் சொன்னான். தன் வேலையைப் பற்றி அவனுக்குத் தெரியும். பிரித்தால் காகிதம் இரண்டாகப் பிளந்து வரும்.

முத்திரையும் கையெழுத்தும் கார்டின் மேல் இருந்தால்தான் கோப்பில் ஏறும் என்றார் நூலகர். வருடா வருடம் மேலிடத்திலிருந்து வந்து ஒவ்வொரு கார்டாகப் புரட்டுகிறார்கள். வேறு கார்டு போடலாம். போன கார்டுக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது. மறுநாள் வியாழன், நூலகத்துக்கு விடுமுறை. வெள்ளிக்குள் வராது.

“இன்னொரு வழி இருக்கு. கார்டு சேதமாயிட்டா, அதே பகுதியில குடியிருக்கிற மெம்பர் ரெண்டு பேர், இவர எங்களுக்குத் தெரியும், இந்த வீட்டுலதான் இருக்கார்னு எழுதிக் கொடுக்கலாம். நான் வீட்டைப் பாத்து உறுதி பண்ணணும். அந்தப் பக்கத்துல உங்களுக்கு யாரையாவது தெரியுமா?”

“யாரையும் தெரியாது மேடம்.”

சொல்லிவிட்டு, சிரமத்துக்கு மன்னிக்கச் சொல்லி, மகளைக் கூப்பிட்டான். அவள் பாதிக் கதையில் இருந்தாள். முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். மேசைப் பக்கம் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கீழே எடுத்து வைத்து அவளுடைய துணிகளை மடிக்கத் தொடங்கினான். கவுன், உள்பாவாடை, குளிர்த்தொப்பி. எப்படியும் இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தான். பேசாத அப்பன், குழைந்த சோறு. அக்கா வீட்டில் ஆட்கள் உண்டு. தலையைச் சிக்கெடுத்து வாரத் தெரிந்த கை உண்டு. இந்த நினைப்பு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததால் நெஞ்சில் எங்கும் இடிக்கவில்லை.

மகள் எங்கே போகிறோம் என்று கேட்டாள். பெரியம்மா வருகிறாள் என்றான். நீயும் வருகிறாயா என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்றான். அவள் பெட்டிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, அவன் மடித்து வைப்பதை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் பழையபடி வைக்கத் தொடங்கினாள். அழவில்லை. வேலையாகச் செய்தாள். அவன் ஒன்றை வைத்தால் அவள் ஒன்றை எடுத்தாள். கடைசியில் பெட்டி காலியாக இருந்தது. அவன் அதை மூடினான்.

*

வியாழக்கிழமை மழை இல்லை. ஐந்து மாதத்தில் அப்படி ஒரு வெயிலை அவன் பார்க்கவில்லை. தெரு முழுக்கத் துணி காய்ந்தது. மகளைக் கூட்டி வந்து, சோற்றைப் போட்டு, தானும் உட்காரப் போனபோது இரும்புப் படியில் செருப்புச் சத்தம். ஒரு ஆள் சத்தம் இல்லை.

“மேடம், மூணாவது படி ஆடும். ஓரமா கால வச்சு வாங்க.”

இஸ்திரிக்காரர் குரல். அவருக்குப் பின்னால் நூலகர், கையில் ஒரு கோப்பு. அதற்கும் பின்னால் நர்ஸ், பாதித் தூக்க முகத்தோடு.

அவன் எழுந்து நின்றான். உள்ளே வரச் சொல்ல வேண்டும் என்பது உடனே தோன்றவில்லை. மகளுக்குத் தோன்றிவிட்டது. எல்லோரையும் ஒவ்வொருவராக இழுத்துவந்து பாயில் உட்கார வைத்தாள். நூலகர் தாமாகவே பேச்சைத் தொடங்கினார். இன்று தமக்கு விடுமுறை, ஆகவே இது வீட்டைப் பார்வையிடும் வேலை மட்டும்தான். அட்டையை நாளைக் காலை திறந்ததும் எழுதிவிடலாம் என்றார்.

“ரெண்டு மெம்பர் வேணும்னு சொன்னேன். ரெண்டு மெம்பர் வந்திருக்காங்க.”

இஸ்திரிக்காரர் அவனைப் பார்த்தார்.

“யாரையும் தெரியாதுன்னுட்டுப் போயிட்டியேப்பா. நான் பின்னாடிதான உக்காந்திருந்தேன்?”

அவன் தலையைக் குனிந்தான். “உங்க வீடு எங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணே.”

“என் வண்டி எங்க நிக்குது?”

அவனுக்குத் தெரியவில்லை.

“உன் படிக்கு எதிர்ல. அஞ்சு மாசமா. காலைல கரி மூட்டும்போது நீ எறங்குவ. பிள்ளை தோள்ல தூங்கும். ஒரு செருப்பு காலுல இருக்கும், ஒண்ணு உன் கையில இருக்கும். உன்ன வச்சுத்தான் நான் மணி பாக்கறேன். போன மாசம் ரெண்டு நாள் நீ எறங்கல, எனக்கு எல்லாத் துணியும் லேட்டாப் போச்சு.”

மகளுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாட்கள். அவன் வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் மாலை சைக்கிள் கடைக்காரர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டுவந்து கொடுத்து, யாரோ கொடுக்கச் சொன்னார்கள் என்றார். ஆள் மாறி வந்திருக்கும் என்று நினைத்து அவன் அதை அப்படியே வைத்திருந்தான். மகள்தான் உரித்துத் தின்றாள்.

நர்ஸ் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள். டியூட்டி முடிந்து அவள் திரும்பி வருகிற நேரமும் அதுதான். தெருமுனையில் தினமும் அவனைக் கடந்துதான் போகிறாள். இரண்டு மூன்று தடவை சிரித்தும் பார்த்தாளாம்.

“நீங்க என்னப் பாத்தீங்க. ஆனா பாக்கல. சரி, தூங்காத ஆளு போலன்னு விட்டுட்டேன். எனக்கு அந்த மொகம் தெரியும். வார்டுல நெறையப் பாத்திருக்கேன்.”

மற்றதெல்லாம் அவர்களுக்கு மகள் வழியாகத் தெரிந்திருந்தது. படி ஆடுவது, கூரையில் எந்த இடத்தில் ஒழுகுகிறது, அப்பா சோற்றைக் குழைய விடுவது, கழுத்து வலிக்கு எந்தத் தைலம் தடவுகிறார், எந்தச் சட்டைக்கு இரண்டு பொத்தான் இல்லை. நீ பேசாவிட்டால் என்ன, ரேடியோ உனக்கும் சேர்த்துத்தான் ஒலிபரப்புகிறது என்றார் இஸ்திரிக்காரர். பொத்தானை அடுத்த தடவை துணி போடும்போது தைத்துத் தருவதாகவும் சொன்னார்.

நூலகர் எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு தலையணை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ‘இருவர் வசிக்கிறார்கள்’ என்று எழுதினார். அந்தச் சொற்களை அவர் எழுதுவதை அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோப்பு, கையெழுத்து என்று பேச்சுக் காதில் விழுந்து சைக்கிள் கடைக்காரர் கையைத் துடைத்தபடி மேலே ஓடி வந்தார். உரிமையாளர் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. யார் என்று தெரிந்ததும் கதவில் சாய்ந்து மூச்சு விட்டார்.

“மேடம், என் பேரு எதுலயும் வர வேணாம். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க.”

“உங்க பேரு வேணாம். மூணு டம்ளர் இருந்தாக் கொடுங்க. இவர் டீ போடப் போறாரு.”

அவன் டீ போடுவதாக எங்கும் சொல்லவில்லை. ஆனால் போய்ப் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தான். கடைக்காரர் நான்கு டம்ளர் கொண்டுவந்தார், நான்காவது தமக்கு. சர்க்கரை அதிகமாகிவிட்டது. நர்ஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, இந்த டீக்காவது தான் தூங்காமல் இருந்தால் பரீட்சை தேறிவிடுவேன் என்றாள். பாயில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இடமில்லாமல் அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். கீழே இஸ்திரி வண்டி நின்றது. உண்மைதான், நேர் எதிரில்.

இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இஸ்திரிக்காரர் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. எழுதியதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினார்: இவரை ஐந்து மாதமாக அறிவேன், நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. பேச்சுக் குறைவு என்பதெல்லாம் தேவையில்லை என்று நூலகர் சொன்னார். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறதே என்றார் அவர். அடிக்கவில்லை.

இறங்கும்போது அவன் நன்றி சொல்ல வாயெடுத்தான். என்ன சொல்வது என்று தேடுவதற்குள் அவர்கள் தெருவுக்குப் போய்விட்டார்கள்.

*

வெள்ளிக்கிழமை முதல்முறையாக அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தான். மேலாளர் தேதியைப் பார்த்துவிட்டு, ஐந்து மாதத்தில் இவன் விடுப்புச் சீட்டு எழுதுவது இதுதான் முதல்தடவை, காய்ச்சலுக்குக்கூட போனில்தான் சொன்னான் என்று ஆச்சரியப்பட்டார்.

அட்டை தயாராக இருந்தது. பெயர், முகவரி, நீல முத்திரை. மை காகிதத்தில் ஊறி நின்றது. பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் அட்டையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டார், திருப்பிக் கொடுத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மகளிடம் உன் பெயர் என்ன என்றார். அவள் தன் பெயரைச் சொல்லி, தொடர்ந்து நூலகத்தில் தனக்குள்ள நண்பர்களைப் பற்றியும் சொல்லத் தொடங்கினாள். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சேர்க்கைச் சீட்டு கைக்கு வந்தபோது மணி ஒன்றேகால்.

சீட்டை நேராக நூலகத்துக்குக் கொண்டுபோனான். நூலகர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“லேமினேட் பண்ணிடாதீங்க.”

அவன் சிரித்தான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. மேசையில் இருந்த இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் ஜன்னல் ஓரத்தை விட்டு அங்கே போய் உட்கார்ந்து, சீட்டைக் காட்டினான். ரொம்ப நன்றிண்ணே, நன்றி சிஸ்டர் என்றான். இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று பட்டது. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஓர் அட்டைக்கு மூன்று புத்தகம் என்ற கணக்கில், மூன்றையும் மகளே தேர்ந்தெடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே அக்காவைப் போனில் கூப்பிட்டான். அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவள் பதறிப்போய், பிள்ளைக்கு என்ன என்றாள்.

“சேத்துட்டேன்க்கா. எடம் கெடச்சிடுச்சு.”

காகிதம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். அவன் சொன்னான். தபால் கார்டு, மெஷின், வழிந்த மை, எல்லாம். மை முத்து முத்தாக நின்றதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அவள் தங்கை சிரிப்பதுபோலவே இருந்தது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். பிறகு திரும்ப வைத்துக்கொண்டான்.

“யாரு அந்த ரெண்டு பேரு?”

“ஒருத்தர் துணி தேய்க்கிறவரு. ஒருத்தங்க நர்ஸ். லைப்ரரில ஒரே மேசைல உக்கார்றோம்.”

“அவங்களுக்கு எந்தங்கச்சியப் பத்தித் தெரியுமா?”

மகள் தரையில் குப்புறப் படுத்து, முதல் புத்தகத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தெரியும்க்கா. பாப்பா சொல்லியிருப்பா.”

“நீ சொல்லலியா?”

“இல்ல.”

அவள் குரல் இறங்கியது.

“எங்கிட்டயும் நீ சொன்னதில்ல தம்பி. கடைசில ஆஸ்பத்திரில நீ மட்டும்தான் கூட இருந்த. அவ என்ன பேசினா, என்ன கேட்டா, ஒண்ணுமே எனக்குத் தெரியாது. உம் மொகத்தப் பாத்துட்டு நானும் கேக்கல. பாப்பாவாச்சும் பக்கத்துல இருக்கட்டும்னுதான் கேட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “ஞாயித்துக்கெழம வர்றேன். கூட்டிட்டுப் போறதுக்கில்ல. சும்மா வர்றேன். அப்ப சொல்றியா?”

அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் வேணாம்க்கா” என்றான். “மொதல்ல தண்ணி கேட்டா.”